லத்தீனா பெண்களின் வாழ்க்கைக் கதைகள்: வகுப்பில் புதிதாகச் சேர்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் கம்ப்யூட்டர் சயின்ஸோ உயிரியலோ படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்குப் பாடப் பட்டியலில் எதிர்பாராத ஒரு வரி கண்ணில் படும். கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக வளாகங்களில் அது கட்டாயமே. 2020-இல் வந்த ஏபி 1460 என்ற மாநிலச் சட்டத்தையொட்டி, 2021-22 கல்வியாண்டிலிருந்து சேரும் இளங்கலை மாணவர்கள் இனக்குழு ஆய்வியலில் 3 யூனிட் பாடம் ஒன்றை முடித்தாக வேண்டும். பூர்வகுடிகள், ஆப்பிரிக்க அமெரிக்கர், ஆசிய அமெரிக்கர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் என்று நான்கு வகை. கடைசி வகையில் லத்தீனா பெண்களின் (அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்கள்) தன்வரலாறுகளைப் படிக்கும் வகுப்பு இருந்தால், "கதைதானே, படித்துவிடலாம்" என்று சேர்பவர்கள் அதிகம்.

கதையைப் படிப்பது சுலபம்தான். அதைச் சொன்னவர் யார், யாரிடம் சொன்னார், எழுதியது யார், சொல்லாமல் விட்டது எது என்று கேட்பதற்குத்தான் மதிப்பெண். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றியே போகும்.

சேரும் முன்பு

எந்தத் துறை நடத்துகிறது என்று முதலில் பாருங்கள். கலிஃபோர்னியா, டெக்சஸ் பக்கம் சிக்கானா/சிக்கானோ ஆய்வுத் துறை என்றால் மெக்சிக வம்சாவளியினரின் கதைகளே அதிகம் வரும். நியூயார்க்கில் புவேர்த்தோ ரிக்கோ (அமெரிக்கா வசமுள்ள கரீபியத் தீவு), டொமினிக்கன் குடும்பங்களின் கதைகள். பெண்ணியல் துறை நடத்தினால் கோட்பாட்டு வாசிப்பு கூடுதல். ஸ்பானிஷ் துறை நடத்தினால் வகுப்பே ஸ்பானிஷில் நடக்கலாம், அதனால் பயிற்று மொழியைப் பார்க்காமல் பதிவு செய்துவிடாதீர்கள்.

அடுத்தது பெயர்க் குழப்பம். லத்தீனா, சிக்கானா, ஹிஸ்பானிக், லத்தினெக்ஸ் (ஆண்பால் பெண்பால் காட்டாத சொல்) என்று பல சொற்கள் புழங்கும். ஹிஸ்பானிக் என்பது அரசு வழிச் சொல். 1980 கணக்கெடுப்பில்தான் எல்லா வீடுகளுக்கும் போன படிவத்தில் அந்தக் கேள்வி இடம்பெற்றது. சிக்கானா என்பது 1960-70களின் போராட்டங்களில் மெக்சிக அமெரிக்கப் பெண்கள் தாங்களே சூட்டிக்கொண்ட பெயர். எதைப் பயன்படுத்துவது? நூலாசிரியர் தன்னை எப்படி அழைத்துக்கொள்கிறாரோ அப்படியே நீங்களும் எழுதுங்கள். எழுத்தாளர் எஸ்மரால்டா சாண்டியாகோவைச் சிக்கானா என்று எழுதினால் முதல் பத்தியிலேயே சிவப்பு மை விழும். அவர் புவேர்த்தோ ரிக்கோக்காரர்.

இந்த வகுப்புகள் சும்மா வந்துவிடவில்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். 1968-69-இல் மாணவர் போராட்டங்களால் கிடைத்த துறைகள் இவை. அரிசோனாவின் டூசான் நகரப் பள்ளிகளில் இருந்த மெக்சிக அமெரிக்க ஆய்வுப் பாடத்திட்டம், 2010-இல் போட்ட ஒரு மாநிலச் சட்டத்தால் 2012 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. அந்தச் சட்டத்தைப் பிரயோகித்த விதம் இனப் பகையால் வந்தது, அரசியலமைப்புக்கு முரணானது என்று கூட்டாட்சி நீதிபதி ஒருவர் 2017-இல்தான் தீர்ப்பளித்தார்.

முதல் வாரம்: ஒரு பக்கக் காலவரிசை

புத்தகத்தைத் திறக்கும் முன் ஒரு தாளில் இதை எழுதி மேசை முன்னால் ஒட்டிக்கொள்ளுங்கள்.

மெக்சிகோ: 1848 போர் முடிவு ஒப்பந்தத்தில் இன்றைய கலிஃபோர்னியா உட்படப் பெரும் நிலப்பரப்பு அமெரிக்காவுக்குப் போனது. சில குடும்பங்கள் எல்லையைத் தாண்டவே இல்லை, எல்லைதான் அவர்களைத் தாண்டியது என்று அவர்கள் சொல்வது இதைத்தான். 1942 முதல் 1964 வரை பிராசெரோ ஒப்பந்தக் கூலித் திட்டம்.

புவேர்த்தோ ரிக்கோ: 1898-இல் அமெரிக்கா எடுத்துக்கொண்டது. 1917 முதல் அங்கே பிறப்பவர்கள் அமெரிக்கக் குடிமக்கள்.

கியூபா: 1959 புரட்சி. 1960 முதல் 1962 வரை பெற்றோர் இல்லாமல் விமானத்தில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகள் 14,000-க்கும் மேல்.

டொமினிக்கன் குடியரசு: சர்வாதிகாரி த்ருஹியோ 1961-இல் கொல்லப்பட்டார், 1965-இல் அமெரிக்கப் படை இறங்கியது. மத்திய அமெரிக்கா: எல் சால்வடோர் உள்நாட்டுப் போர் 1980-1992, குவாத்தமாலாவில் 1960-1996.

எந்த நூலை எடுத்தாலும் அவர் வந்த வருடம், அப்போது வயது, கையில் இருந்த காகிதம் மூன்றையும் குறித்துவிட்டுப் படியுங்கள். எஸ்மரால்டா சாண்டியாகோ 1961-இல் 13 வயதில் தாயுடன் நியூயார்க்கின் புரூக்ளினுக்கு வந்தார். வறுமை, தெரியாத மொழி எல்லாம் உண்டு. ஆனால் விசா வேண்டாம், நாடு கடத்தல் பயம் இல்லை. ரெய்னா கிராண்டே மெக்சிகோவின் இகுவாலா நகரில் பாட்டி வீட்டில் விடப்பட்டு, 1985-இல் ஒன்பது வயதில் காகிதம் எதுவும் இல்லாமல் எல்லையைக் கடந்தார். 'வென் ஐ வாஸ் புவேர்த்தோ ரிக்கன்' என்ற முதலாமவரின் நூலையும் 'தி டிஸ்டன்ஸ் பிட்வீன் அஸ்' என்ற இரண்டாமவரின் நூலையும் "புலம்பெயர்ந்த லத்தீனா சிறுமிகளின் துயரம்" என்று ஒரே பொட்டலமாகக் கட்டினால் இரண்டுமே கெட்டுப்போகும்.

இது எந்த வகைப் புத்தகம்?

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று போவோம்.

சாண்ட்ரா சிஸ்னெரோஸின் 'தி ஹவுஸ் ஆன் மேங்கோ ஸ்ட்ரீட்' (1984) சிகாகோவில் வளரும் ஒரு சிறுமி தன் கதையைச் சொல்வது போல இருக்கும். அது புனைவு. கதை சொல்பவள் பெயர் எஸ்பெரான்சா. "ஆசிரியர் தன் வீட்டைப் பற்றி வெட்கப்படுகிறார்" என்று எழுதக் கூடாது, "எஸ்பெரான்சா வெட்கப்படுகிறாள்" என்றுதான் எழுத வேண்டும். நோர்மா காந்துவின் 'கனிகுலா' (1995) இன்னும் தந்திரமானது. குடும்பப் புகைப்படங்களையும் நினைவையும் கற்பனையையும் வேண்டுமென்றே கலந்து நெய்தது அது. படம் ஒன்று காட்டும், பக்கத்திலுள்ள வரி வேறொன்று சொல்லும். குளோரியா அன்சால்துவாவின் 'பார்டர்லேண்ட்ஸ்' (1987) கட்டுரை, கவிதை, தன்வரலாறு எல்லாம் சேர்ந்தது, பல இடங்களில் ஸ்பானிஷை மொழிபெயர்க்காமலே விட்டிருப்பார்.

இவற்றோடு தெஸ்திமோனியோ என்று ஒரு வகை உண்டு. ஒருவர் வாய்மொழியாகச் சொல்ல, பெரும்பாலும் இன்னொருவர் பதிந்து தொகுப்பது. சொல்பவர் "நான்" என்று ஆரம்பித்தாலும் ஒரு சமூகத்துக்காகச் சாட்சி சொல்கிறார். வகுப்புகளில் இதைப் பற்றிப் பேசினாலே ரிகோபெர்த்தா மென்ச்சு வந்துவிடுவார். அவர் குவாத்தமாலாவின் கிச்சே மாயா பழங்குடிப் பெண், அமெரிக்க லத்தீனா கிடையாது. ஆனால் இந்த வடிவத்தை அமெரிக்க வகுப்பறைக்குள் பெரிய அளவில் கொண்டுவந்தது அவருடைய நூல்தான். 1982-இல் பாரிஸில் எலிசபெத் புர்கோஸ் என்ற மானிடவியலாளரிடம் அவர் ஸ்பானிஷில் சொன்னது 1983-இல் புத்தகமானது. 1992-இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு. 1999-இல் டேவிட் ஸ்டோல் என்ற ஆய்வாளர், அந்த ஊர்க்காரர்களிடம் விசாரித்து, நூலில் உள்ள சில விவரங்கள் அப்படி நடக்கவில்லை என்று ஒரு புத்தகம் எழுதினார். பள்ளிக்கே போனதில்லை என்று சொன்னவர் கன்னியாஸ்திரீகளின் பள்ளியில் படித்திருக்கிறார், தம்பி கொல்லப்பட்ட விதத்தை நேரில் பார்த்ததாகச் சொன்னது பொருந்தவில்லை, இப்படிச் சில. பெரும் சண்டை மூண்டது.

அதே 1999-இல் ஐ.நா. ஆதரவுடன் நடந்த உண்மை ஆணையத்தின் அறிக்கையும் வந்தது. மென்ச்சு பேசிய அந்தக் குவாத்தமாலா உள்நாட்டுப் போரில் கொல்லப்பட்டவர்களும் காணாமல் போனவர்களும் 2,00,000-க்கு மேல், அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் பேர் மாயாக்கள் என்று அது சொன்னது. ஆக, வகுப்பில் "பொய் சொல்லிவிட்டார்" என்று முடிப்பதும் "ஏழைப் பெண்ணைக் கேள்வி கேட்கலாமா" என்று முடிப்பதும் இரண்டுமே சோம்பேறித்தனம். அந்த "நான்" என்பதற்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? கேட்டவர் பாரிஸில் இருந்தது சொன்ன விதத்தை மாற்றியதா? ஒலிநாடாவிலிருந்து புத்தகத்துக்கு வரும் வழியில் வரிசையை மாற்றி அமைத்தது யார்? இந்த மூன்றையும் கேட்டுவிட்டு அப்புறம் உண்மைக்கு வாருங்கள்.

அமெரிக்க லத்தீனாக்களிடையே இந்த வடிவம் வேறு திருப்பம் எடுத்தது. 'டெல்லிங் டு லிவ்' (2001) என்ற தொகுப்பில் பேராசிரியர்களான லத்தீனா பெண்களே பல ஆண்டுகள் கூடிக் கூடி ஒருவருக்கொருவர் தங்கள் கதையைச் சொல்லி, தாங்களே எழுதினார்கள். பதிவு செய்ய வெளியிலிருந்து யாரும் வரவில்லை. மென்ச்சுவின் நூலையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் கட்டுரைக்குத் தலைப்பு தானாகக் கிடைக்கும்.

படிக்கும்போது

ஸ்பானிஷ் தெரியவில்லையே என்று பயப்பட வேண்டாம். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்டினால் புத்தகம் நகராது. மொழி எங்கே மாறுகிறது என்பதை மட்டும் ஓரத்தில் குறியுங்கள்: அம்மா திட்டும்போதா, ஜெபத்திலா, சாப்பாட்டிலா, பள்ளிக்கூடத்திலா? அலுவலகத்தில் தங்கிலீஷும் வீட்டில் தமிழும் பேசுகிறவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். உச்சரிப்புக்குச் சுருக்கமாக: ஜே என்ற எழுத்து 'ஹ' போல ஒலிக்கும், இரட்டை எல் (ll) 'ய' போல, மேலே அலை போட்ட என் (ñ) நம் 'ஞ'வேதான். வகுப்பில் ஆசிரியர் பெயரைச் சரியாகச் சொன்னாலே பாதி மரியாதை கிடைத்துவிடும்.

எந்த இடத்தில் கதை ஆரம்பிக்கிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சோனியா சோட்டோமயோர் 2009-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் லத்தீனா நீதிபதியானவர். அவருடைய 'மை பிலவட் வேர்ல்ட்' (2013) நீதிமன்றத்தில் ஆரம்பிக்கவில்லை. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி அடுக்குமாடி வீட்டில், ஏழெட்டு வயதுச் சிறுமிக்குச் சர்க்கரை நோய் ஊசி யார் போடுவது என்று அப்பாவும் அம்மாவும் சண்டை போடுகிறார்கள். நானே போட்டுக்கொள்கிறேன் என்று அவள் நாற்காலியில் ஏறி, அடுப்பைப் பற்றவைத்து, ஊசியைக் கொதிநீரில் போடுகிறாள். 1992-இல் அவர் முதன்முதலாக நீதிபதியாவதோடு புத்தகம் நின்றுவிடுகிறது. பதவியில் இருக்கும் நீதிபதி எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது? அந்த ஊசிக் காட்சியை வாசலில் வைத்தது யாரை நம்ப வைக்க? இப்படிக் கேட்டால் "தன்னம்பிக்கையுள்ள பெண்மணி" என்ற பள்ளிக்கூடக் கட்டுரையிலிருந்து தப்பிக்கலாம்.

வகுப்பில் பேசும்போது

நம்மவர்களுக்கு இரண்டு ஆசைகள் வரும். ஒன்று, "ஐயோ பாவம்". அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். இரண்டாவது, "அப்படியே எங்க பாட்டி கதை மாதிரியே இருக்கு". இது தப்பில்லை, ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. சாண்டியாகோ சிறுமியாக அம்மாவோடு உதவித்தொகை அலுவலகத்துக்குப் போய் மொழிபெயர்க்கிறார். எச்-1பி விசாவில் வந்த இன்ஜினீயரின் மகளுக்கு அந்த வேலை வராது, அப்பா அம்மாவுக்கே ஆங்கிலம் தெரியும். குடும்பப் பாசமும் கட்டுப்பாடும் ஒன்று போலத் தெரியும் இடத்தில் வர்க்கமும் விசாவும் எப்படி வேறுபடுத்துகின்றன என்று பேசினால்தான் ஒப்பீட்டுக்கு உயிர் வரும்.

இன்னொரு உதாரணம். லாஸ் ஏஞ்சலஸ் அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்குப் போன மெக்சிக வம்சாவளிப் பெண்களிடம், வலியின் நடுவே, பலருக்குப் புரியாத ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்கி நிரந்தரக் கருத்தடை அறுவை செய்தார்கள். பத்துப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். 1978-இல் நீதிபதி மருத்துவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். மாத்ரிகால் வழக்கு என்று பாடத்தில் வரும். உங்களுக்கு உடனே இந்தியாவின் நெருக்கடி நிலைக் காலம் நினைவுக்கு வரும். சொல்லுங்கள், ஆனால் அங்கே அரசு இலக்கு வைத்துப் பெரும்பாலும் ஆண்களுக்குச் செய்தார்கள், இங்கே பிரசவ அறையில் பெண்களுக்கு, மொழியை வைத்து. தீர்ப்பு எதிராகப் போனாலும் அந்தப் பெண்கள் சாட்சி சொன்னதுதான் பின்னால் ஸ்பானிஷ் படிவங்களும், கையெழுத்துக்கும் அறுவைக்கும் நடுவே காத்திருப்புக் காலமும் வர உதவியது.

வகுப்பில் லத்தீனா மாணவிகள் இருப்பார்கள். "உங்க வீட்டுல எப்படி?" என்று திரும்பிக் கேட்காதீர்கள். அவர்களும் கிரெடிட் வாங்கத்தான் வந்திருக்கிறார்கள். யாருடைய குடியுரிமை நிலையையும், நட்பாகக்கூட, வகுப்பில் கேட்கக் கூடாது.

உண்மையான இந்தியத் தொடர்பு ஒன்று வேண்டுமென்றால் கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கு இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே விவசாயம் பார்க்க வந்த பஞ்சாபி ஆண்கள், 1917 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு ஊரிலிருந்து பெண்ணை வரவழைக்க முடியாமல், மெக்சிகப் பெண்களை மணந்தார்கள். சிங் என்ற குடும்பப் பெயருடன் ஸ்பானிஷ் பேசி, கத்தோலிக்கராக வளர்ந்த மகள்களின் கதைகள் உண்டு. பருவக் கட்டுரைக்கு அருமையான விஷயம். தமிழர் யாரும் அதிகம் தொடவில்லை என்று நினைக்கிறேன்.

ஆவணக் காப்பகம் தேடும்போது

டெக்சஸ் பல்கலைக்கழகம், ஆஸ்டினில் பென்சன் லத்தீன் அமெரிக்கத் தொகுப்பு இருக்கிறது, அன்சால்துவாவின் தாள்கள் அங்கேதான். அதே பல்கலைக்கழகத்தின் வோசெஸ் மையத்தில் வாய்மொழிப் பேட்டிகள். நியூயார்க் ஹன்டர் கல்லூரியில் 1973 முதல் இயங்கும் புவேர்த்தோ ரிக்கோ ஆய்வு மையம், சிட்டி கல்லூரியில் டொமினிக்கன் ஆய்வு நிறுவனம், மயாமி பல்கலைக்கழகத்தில் கியூபத் தொகுப்பு. 'சிக்கானா போர் மி ராசா' என்ற இணையக் காப்பகம், 1960-70களில் சிக்கானோ இயக்கத்தில் இருந்த பெண்களின் பேட்டிகளையும் வீட்டு அலமாரியில் கிடந்த காகிதங்களையும் சேர்க்கிறது.

தேடும்போது பெயர் காலை வாரும். ஸ்பானிஷ் வழக்கில் இரண்டு குடும்பப் பெயர்கள், முதலில் அப்பாவுடையது, அப்புறம் அம்மாவுடையது. கார்லா கோர்னேஹோ வில்லவிசென்சியோ என்ற எழுத்தாளரை வில்லவிசென்சியோ என்று தேடினால் கிடைக்காமல் போகலாம், கோர்னேஹோவில் தேடுங்கள். பழைய காகிதங்களில் பெண்கள் கணவர் பெயருக்குள் ஒளிந்திருப்பார்கள். கிடைக்கவில்லை என்றால் காப்பகருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போதும், தலைப்பையும் கெடு தேதியையும் சொன்னால் எந்தப் பெட்டி என்று சொல்லிவிடுவார்கள். நேரில் போனால் பேனாவுக்கு அனுமதி இருக்காது, பென்சில் எடுத்துப் போங்கள்.

நீங்களே பேட்டி எடுக்க வேண்டியிருந்தால்

பல வகுப்புகளில் கடைசி வேலை இதுதான். யாரைப் பேட்டி எடுப்பது என்றதும் அங்குள்ள இந்தியக் குடும்பத்துப் பிள்ளைக்கு முதலில் தோன்றுவது, வாரா வாரம் வீட்டைச் சுத்தம் செய்ய வரும் லத்தீனா பணிப்பெண். அவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் அப்பாவிடம் சம்பளம் வாங்குபவர் உங்களிடம் முடியாது என்று எப்படிச் சொல்வார்? சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார், சொல்ல விரும்பாததையும் சொல்வார். நூலகர், சக மாணவியின் அத்தை, ஊர்த் தேவாலயக் குழு, தொழிற்சங்கம் என்று உங்களோடு பணத் தொடர்பு இல்லாத இடத்தில் தேடுங்கள்.

2019-இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி விதிகளின்படி வாய்மொழி வரலாறு பொதுவாக ஆய்வு நெறிக் குழுவின் (மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு அனுமதி தரும் குழு) வரம்புக்குள் வராது. ஆனால் கல்லூரிக்குக் கல்லூரி வழக்கம் வேறு, பேராசிரியரிடம் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். சம்மதப் படிவம் ஸ்பானிஷிலும் இருக்கட்டும். மொழிபெயர்ப்புக்கு அவருடைய குழந்தையை உட்கார வைக்காதீர்கள், பிள்ளை முன்னால் எந்தத் தாயும் முழுக்கப் பேச மாட்டார்.

"உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தால் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். பத்து வயதில் இருந்த வீட்டின் அடுப்பங்கரை எப்படி இருந்தது, முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள், ஊருக்குக் கடிதம் யார் எழுதுவார்கள் என்று கேளுங்கள். அவர் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள், அடுத்த கேள்விக்கு அவசரப்பட வேண்டாம்.

விசா நிலையைக் கேட்காதீர்கள். அவராகவே சொல்ல ஆரம்பித்தால் பதிவை நிறுத்திவிட்டு, இது பதிவில் வேண்டுமா என்று கேளுங்கள். நீதிமன்றம் கேட்டால் ஒலிப்பதிவைக் கொடுத்தே ஆக வேண்டிய நிலை வரலாம். பாஸ்டன் கல்லூரி சேகரித்த வட அயர்லாந்துப் பேட்டிகளுக்கு 2011-இல் அப்படி நடந்தது. "ரகசியமாக வைத்திருப்பேன்" என்று மாணவர் கொடுக்கும் வாக்கு அங்கே நிற்காது.

எழுத்துப் படியை அவரிடம் கொடுத்து, வேண்டாத வரியை அடிக்கச் சொல்லுங்கள். அடித்த வரியைக் கட்டுரையில் வேறு வார்த்தையில் நுழைக்கக் கூடாது. கோப்பில் அவர் பெயர் வேண்டாம், ஒரு எண் போதும். பேட்டியைப் போன் தானாகவே கிளவுடில் ஏற்றியிருக்கும், அதை மறந்துவிடுவார்கள். மதிப்பெண் வந்த பிறகு ஒலிக்கோப்பை அவருக்கு ஒரு பிரதி கொடுத்துவிட்டு, காப்பகத்துக்குக் கொடுப்பதாக அவர் கையெழுத்துப் போடாவிட்டால், போனிலும் கிளவுடிலும் லேப்டாப்பிலும் அழித்துவிடுங்கள்.